முழங்கால் உயரத்தில் இரண்டு நகரங்கள்

வியட்நாமுக்குப் போய்வந்தவர்கள் ஹா லாங் விரிகுடாவின் பாறைகளைப் பற்றிச் சொல்வார்கள். ஹோய் ஆனின் பட்டு விளக்குகளைப் பற்றிச் சொல்வார்கள். நானும் இரண்டையும் பார்த்தேன், அழகுதான். ஆனால் இத்தனை காலம் கழித்தும் எதை நினைத்து ஏங்குகிறாய் என்று யாராவது கேட்டால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நீலமோ சிவப்போ, நம் வீட்டுக் குளியலறையில் கிடக்கும் முக்காலி உயரம். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வந்துவிடும். எதிரே இன்னொரு ஸ்டூல், அதுதான் மேசை. ஹனோயின் நடைபாதை நெடுக இவை பரவிக் கிடக்கின்றன. இஸ்திரி போட்ட சட்டையோடு வங்கி ஊழியர், சந்தையில் மீன் விற்று முடித்த அம்மாள், பள்ளிச் சீருடையில் ஒரு பையன், எல்லோரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். முதுகில் மூட்டையோடு போன எனக்கும் அந்த வரிசையில் இடம் இருந்தது. யாரும் எழுந்து வரவேற்கவில்லை, யாரும் முறைக்கவும் இல்லை. கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

மலைக்கோ கடலுக்கோ போனால் பார்ப்பதற்கென்று ஒன்று இருக்கும். பார்த்ததும் வேலை முடிந்தது. பெருநகரத்தில் அப்படியில்லை. கையில் அளவாகக் காசு வைத்திருப்பவனுக்கு அங்கே முதல் கேள்வியே எங்கே உட்காருவது என்பதுதான். பாதி உலகத்தில் இப்போது உட்கார வேண்டுமென்றால் காப்பி வாங்க வேண்டும், அந்தக் காப்பியின் விலையில் ஏசியின் விலையும் சேர்ந்திருக்கும். ஹனோய்த் தெருவோரத்தில் ஒரு டம்ளர் ஐஸ் டீ மூவாயிரம், ஐயாயிரம் டாங். நம் கணக்கில் பத்துப் பதினைந்து ரூபாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். டீக்காரம்மாவின் மொத்தக் கடையும் ஒரு கூடைக்குள் அடங்கிவிடும்: பெரிய பிளாஸ்க், ஐஸ் பெட்டி, சூரியகாந்தி விதை, ஆண்கள் மாறி மாறி இழுக்கும் ஒரு மூங்கில் புகைக்குழாய், கடலை மிட்டாய். கடலை மிட்டாய் நம் கடலை மிட்டாயேதான், எள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

நான் தங்கியது பழைய நகரத்தில், அடுக்குக் கட்டில் போட்ட ஒரு விடுதியில். பழைய நகரத்தை முப்பத்தாறு தெரு என்பார்கள். தெருக்கள் அதைவிட நிறையவே இருக்கின்றன. ஒரு காலத்தில் தெருவுக்கு ஒரு தொழில். ஊரூராய் வந்த கைவினைஞர்கள் தெருத்தெருவாகக் குடியேறினார்கள். வெள்ளிக்கு ஒன்று, பட்டுக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று. பாதித் தெருக்களில் இன்று பெயர் மட்டும்தான் மிச்சம், உள்ளே செருப்பும் டீ-சர்ட்டும் விற்கிறார்கள். ஆனால் தகரத் தெருவான ஹாங் தியெக்கில் இன்னும் நடைபாதையிலேயே தகரம் வெட்டித் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். லான் ஓங் தெருவுக்குள் திரும்பினால் நாட்டு மருந்து வாசனை மூக்கைத் துளைக்கும், பட்டையும் வேரும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். ஹாங் மா தெரு காகிதத்துக்கு. இறந்தவர்களுக்காக எரிக்கும் காகிதப் பொருள்கள். காகிதச் சட்டை, காகித ஸ்கூட்டர், காகித செல்போன், கட்டுக்கட்டாகக் காகித டாலர். மேலுலகத்திலும் டாலர்தான் செல்லுபடியாகிறது போலிருக்கிறது, அமெரிக்காவோடு அத்தனை பெரிய போர் நடத்திய நாட்டில்.

வீடுகள் குழாய்போல இருக்கும். முகப்பு ஒரு கடை அகலம், உள்ளே போகப் போக முடிவே இருக்காது. முன்னால் கடை, பிறகு முற்றம், பிறகு குடும்பம், பிறகு சமையல், பிறகு இன்னொரு குடும்பம். அவ்வளவு நெருக்கத்தில் வாழ்கிறவர்கள் நடைபாதையைத் தங்கள் கூடமாக்கிக்கொண்டதில் வியப்பில்லை. தலைவாருவது, குழந்தைக்குச் சோறூட்டுவது, கோழி உரிப்பது, சதுரங்கம், தூக்கம், சண்டை, எல்லாம் வாசலுக்கு வெளியே. மரத்தில் ஒரு கண்ணாடியை மாட்டி, கீழே ஒரு நாற்காலி போட்டால் சலூன். அங்கே நானும் முடி வெட்டிக்கொண்டேன். வெட்டும்போது எதிரே தெரு முழுவதும் கண்ணாடியில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் முதலில் போனது பிப்ரவரி, மார்ச்சில். வியட்நாம் என்றதும் வெயிலை நினைக்கும் நமக்கு அந்த மாதங்களின் ஹனோய் வேறொரு நாடு. மழை என்று சொல்ல முடியாத ஒரு தூறல் நாள்கணக்கில் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். தரை வியர்க்கும், சுவர் வியர்க்கும், துவைத்துப் போட்ட சட்டை காயவே காயாது. விடுதிக்கார அம்மாள் மாப்பைக் கையிலிருந்து இறக்கிய நேரம் குறைவு. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, மற்றவர்கள் எங்கே என்பது. இந்தியர் என்றால் பஸ் நிறைய வருவார்கள், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் நடப்பார்கள், இந்திய உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு ஏறிக்கொள்வார்கள் என்பது அவர் கண்டது. தனியாக, மூட்டையோடு, அதுவும் பொதுக்கூடத்தில் படுக்கிற இந்தியனாக நான் அவருக்குப் புதிராக இருந்தேன். அடுத்து வயதைக் கேட்டார். அங்கே வயது தெரியாமல் பேச்சு நகராது. எதிரில் இருப்பவர் தம்பியா, மகனா, அண்ணனா என்று தீர்ந்தால்தான் வாக்கியமே அமையும். நமக்கு இதில் புதிதாகக் கற்க எதுவுமில்லை. ஐரோப்பியப் பயணிகள்தான் வயதைக் கேட்கிறார்களே என்று முகம் சுளித்தார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படத் தேவையே இருக்கவில்லை. காலையில் ஃபோ என்ற நூடுல்ஸ் சூப். மாட்டிறைச்சி வேண்டாம் என்றால் கோழி போட்டது. அண்டா காலியானால் கடை சாத்திவிடுவார்கள், ஒன்பது மணிக்கு மேல் போய் நின்று பயனில்லை. சுத்த சைவர்கள் பயப்படும் அளவுக்கும் ஒன்றுமில்லை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், நம் அமாவாசை பௌர்ணமியை ஒட்டி, பௌத்தர்கள் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அன்று சைவக் கடைகளில் ஸ்டூல் கிடைக்காது. டோஃபுவையும் காளானையும் வைத்து மீன், கோழி, பன்றி என்று எல்லா உருவத்திலும் செய்து அடுக்கியிருப்பார்கள். சைவம் சாப்பிட ஏன் மீன் உருவம் வேண்டும் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ருசி பிரமாதம்.

முட்டைக் காப்பியைச் சொல்லாமல் விட்டால் ஹனோய்க்காரர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1946-இல் பால் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஓட்டலில் வேலைபார்த்த ஒருவர் பாலுக்குப் பதிலாக முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்துக் காப்பியின் மேல் ஊற்றினார். அவர் தொடங்கிய கடை, கஃபே ஸாங், இன்னும் நடக்கிறது. ஓர் ஆள் நுழையும் சந்து வழியாக உள்ளே போக வேண்டும். கேட்கும்போது குமட்டும், குடித்தால் இன்னொன்று கேட்கத் தோன்றும். மாலையில் பியா ஹோய். அன்றன்று காலையில் வந்து இறங்கி அன்றே தீர்ந்துபோகும் மெலிந்த பீர். அதை ஊற்றித் தரும் கோப்பை பழைய கண்ணாடியை உருக்கி ஊதியது. பச்சையாக, குமிழ் குமிழாக, ஒன்று போல் ஒன்று இராது. 1970-களின் வறுமையில் வடிவமைத்த கோப்பை. வறுமை போய்விட்டது, கோப்பையை மட்டும் அவர்கள் விடவில்லை.

சாலையைக் கடப்பது பற்றி எல்லாப் பயணிகளும் எழுதிவிட்டார்கள். பைக் வெள்ளம் நிற்காது, நாமும் நிற்கக் கூடாது, ஒரே வேகத்தில் நடந்தால் வெள்ளம் பிரிந்து வழிவிடும். உண்மைதான். சென்னையில் வளர்ந்தவனுக்கு இதில் என்ன அதிசயம் என்றுதான் நானும் இறங்கினேன். ஆனால் வித்தியாசம் இருக்கிறது. நம்மூரில் வண்டிக்காரரின் கண்ணைப் பார்த்து, கையைக் காட்டி, பேரம் பேசிக் கடக்கிறோம். அங்கே யார் கண்ணையும் பார்க்க வேண்டாம். தயங்கினால்தான் ஆபத்து. ஓடினால் அதைவிட ஆபத்து. அந்தப் பழக்கம் உடம்பில் ஏறிவிட்டது. திரும்பி வந்து மவுண்ட் ரோட்டில் அதே நடையில் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

விடியற்காலையில் ஹோவான் கியெம் ஏரி. இருட்டு பிரியும் முன்பே பாட்டிமார் விசிறி நடனத்துக்கு வந்துவிடுவார்கள். இன்னொரு மூலையில் ஜோடி ஜோடியாக மேற்கத்திய நடனம், இறகுப்பந்து, ஏரோபிக்ஸ், ஒலிபெருக்கியில் ஒன்றோடொன்று மோதும் நாலு பாட்டு. பேரரசன் லே லோய்க்குத் தெய்வம் தந்த வாளை இந்த ஏரியின் ஆமைதான் திரும்ப வாங்கிக்கொண்டது என்பது கதை. கதைக்கு ஏற்றபடி ஏரியில் உண்மையாகவே ஒரு ராட்சத ஆமை இருந்தது. எப்போதாவது தலை தூக்கினால் நகரமே கரையில் கூடுமாம். 2016 ஜனவரியில் அது செத்து மிதந்தது. இப்போது பாடம் செய்து ஏரித்தீவுக் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே 1967-இல் இறந்த அதன் சொந்தமும்.

எனக்குப் பிடித்தமான இடம் ஏரி இல்லை, லாங் பியென் பாலம். செந்நதியின் குறுக்கே 1899 முதல் 1902 வரை பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. வியட்நாமில் பழைய இரும்பு எதைக் காட்டினாலும் ஐஃபல் கட்டியது என்று வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். இதைக் கட்டியது பாரிஸின் டேடே அண்ட் பீயே நிறுவனம். அமெரிக்கப் போரில் திரும்பத் திரும்பக் குண்டு போட்டார்கள், திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டார்கள். அதனால் பாலத்தின் முதுகு சீராக இல்லை. பழைய வளைவுகள் கொஞ்ச தூரம், பிறகு பல் விழுந்த இடம்போல மொட்டையான இணைப்பு, மறுபடி வளைவு. நடுவில் ரயில், இருபுறமும் பைக்கும் சைக்கிளும் நடந்துபோகிறவர்களும் மட்டும். நாடு முழுக்க வலப்பக்கம் ஓடும் வண்டிகள் இந்தப் பாலத்தில் மட்டும் இடப்பக்கம் ஓடுகின்றன. ரயில் வந்தால் கான்கிரீட் பலகைகள் காலடியில் ஆடும், பலகைகளின் இடுக்கில் நதி தெரியும். நடுவழியில் ஒரு படிக்கட்டு ஆற்றுத்திட்டுக்கு இறங்குகிறது. கீழே வாழைத்தோப்பு. அத்தனை பெரிய தலைநகரத்தின் நட்டநடுவில் வாழைக்கும் கீரைக்கும் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். சாயங்காலத்தில் பாலத்துக் கைப்பிடி ஓரமாகச் சோளம் சுடுவார்கள். சுட்ட சோளத்தை வாங்கிக்கொண்டு நதியைப் பார்த்து நிற்பதைத் தவிர அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை. பல மாலைகள் அதைத்தான் செய்தேன்.

ஹனோயிலிருந்து தெற்கே சைகோனுக்கு ரயிலில் போனேன். மலிவு விமானம் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும், ரயிலுக்கு ஒன்றரை நாள் பிடிக்கும். 1,726 கிலோமீட்டர். முழுப் பாதையும் 1936-இல் முடிந்தது. 1954-இல் நாடு பிளந்தபோது தண்டவாளமும் அறுந்தது. மறுபடி வண்டி ஓடியது 1976-இன் கடைசி நாளில். பாதை மீட்டர்கேஜ். ஏறி உட்கார்ந்து வண்டி நகர்ந்த ஐந்தாவது நிமிடம் உடம்பு அதைக் கண்டுபிடித்துவிட்டது. மீட்டர்கேஜில் நாகூருக்கும் செங்கோட்டைக்கும் போன தலைமுறை நான். பெட்டி பக்கவாட்டில் ஆடும் அந்த ஆட்டம், குறுகிய நடைவழியில் எதிரே வருபவருக்காக ஒருக்களித்து நிற்பது, எல்லாம் நம்மூரில் அகலப்பாதையோடு தொலைந்துபோனவை. வெந்நீர்க் குழாய் பெட்டிக் கோடியில் இருக்கும். எல்லோரும் நூடுல்ஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே வரிசையில் நிற்பார்கள். ஆறு பேர் படுக்கும் கூபேயில் மேல் தட்டு எனக்கு. நிமிர்ந்து உட்கார முடியாது. கீழ்த்தட்டுப் பாட்டி பொமெலோ பழத்தை உரித்துச் சுளை சுளையாக ஆறு தட்டுக்கும் நீட்டினார். உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்ன வேண்டும்.

ஹுவே தாண்டியதும் ஹாய் வான் கணவாய். மலை அப்படியே கடலில் இறங்கும் இடம். தண்டவாளம் காட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து போகிறது. வளைவில் நம் வண்டியின் எஞ்சினை நாமே பார்க்கலாம். கீழே மனிதக் காலடி படாத சிறு சிறு மணல் வளைவுகள். பெட்டியே பேச்சை நிறுத்தி ஜன்னலுக்கு வந்தது. பாட்டி மட்டும் தூங்கினார். அவர் எத்தனையோ தடவை பார்த்திருப்பார்.

சைகோனில் இறங்கினால் முதலில் வெளிச்சம் அடிக்கும். ஹனோயின் சாம்பல் ஆகாயத்துக்குப் பிறகு அது கண்ணைக் கூசச் செய்யும். தெரு அகலம், மரம் உயரம், பேச்சு வேகம், சிரிப்பு சத்தம். நகரத்துக்கு 1976-இல் ஹோ சி மின் என்று பெயர் மாற்றினார்கள். ரயில் நிலையத்தின் பலகையில் இன்னும் சைகோன்தான். பாதிப்பேர் வாயிலும் அதுதான். இங்கேயும் ஸ்டூல் உண்டு, ஆனால் நாற்காலி கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பல கடைகளில் முதுகு சாயும் கேன்வாஸ் நாற்காலி, சில சந்துக்கடைகளில் தூளி. காப்பியில் கெட்டிப்பாலும் குவளை நிறைய ஐஸும். ஃபோவுக்குக் கூட ஹனோயில் ஒரு கீற்று எலுமிச்சை, கொஞ்சம் மிளகாய் என்றால், இங்கே ஒரு தட்டு நிறையப் பச்சிலை, முளைப்பயறு, இனிப்புச் சாஸ். வடக்கத்திக்காரர் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு வடக்கின் ஃபோதான் பிடித்தது. ஆனால் கோம் தாம் முழுக்க முழுக்கச் சைகோனுடையது. ஆலையில் உடைந்த குருணையைச் சோறாக்கி, கரியில் வாட்டிய பன்றி இறைச்சியும் முட்டையும் வைத்துத் தருவது. ஏழை வீட்டுக் குருணை நகரத்தின் அடையாளச் சாப்பாடாகிவிட்டது.

சைகோனை அதன் அகலச் சாலைகளில் தேடினால் கிடைக்காது. கதீட்ரல், தபால் நிலையம், பென் தான் சந்தை எல்லாம் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். தபால் நிலையத்தையும் ஐஃபல் கணக்கில் எழுதுகிறார்கள், கட்டியவர் ஃபுல்ஹூ என்ற வேறொரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர். அந்த மண்டபத்து நீள மேசையில் வயதான ஒருவர் உட்கார்ந்து, பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரியாதவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கடிதம் எழுதிக் கொடுத்துவந்தார். 2023-இல் அவர் காலமானார். அந்த மேசையில் இப்போது பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சைகோன் இருப்பது சந்துகளில். வீட்டு எண்ணே சாய்கோடு சாய்கோடாகப் போகும்: இந்தச் சாலையில் இத்தனையாம் எண்ணில் திரும்பும் சந்து, அதில் இத்தனையாவது கிளைச் சந்து, அதில் இந்த வீடு. நான்கு எண் கொண்ட விலாசங்கள் பார்த்திருக்கிறேன். உள்ளே போகப் போகப் பைக் சத்தம் குறைந்து, கரோகே சத்தம் ஏறும். என் விடுதி அப்படி ஒரு மூன்றாம் கிளையில். பூய் வியென் தெரு அதற்கு மிக அருகில்தான். முதுகுமூட்டைக்காரர்களின் தலைமையகம் என்று பெயர்பெற்ற அந்தத் தெருவில் இரவானால் இசை காதைக் கிழிக்கும், எல்லாக் கடையும் ஒரே கடை. அங்கே கழித்த பொழுதை நான் ஏக்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

ட்ரூவாங் டின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர்கள் எழுப்பியது. பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அரசு வேலைக்கு வந்தவர்கள், செட்டிநாட்டிலிருந்து கொடுக்கல் வாங்கலுக்கு வந்தவர்கள், துணிக்கடைக்காரர்கள் என்று நம்மவர்கள் ஒரு காலத்தில் இங்கே நிறைய. 1975-க்குப் பிறகு பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். அம்மன் கிளம்பவில்லை. இப்போது அவளைக் கும்பிடுகிறவர்கள் வியட்நாமியரும் சீனரும்தான். கைநிறைய ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். கருவறைக்குப் பின்னால் போய்க் கருங்கல் சுவரில் நெற்றியை முட்டிவைத்துக்கொண்டு மெதுவாக எதையோ சொல்கிறார்கள். நெடுநேரம் சொல்கிறார்கள். நம்மூர்க் கோயில்களில் நான் பார்த்திராத வழிபாடு அது. கேட்பவள் நம்மவள், சொல்லும் பாஷை அவர்களுடையது. ஒரு பெண் அழுது முடித்து முகம் துடைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை மாட்டி, பைக்கை உதைத்துக் கிளம்பிப்போனார்.

செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயிலில் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவரைச் சந்தித்தேன். சுற்றுலாக் கூட்டத்தோடு வந்திருந்தார். "ஏன் தம்பி, தனியாவா வந்திய? தொணைக்கு ஆளில்லையா?" என்றார். பிறகு தூணைத் தடவிக்கொண்டே, "எங்க ஐயா கொண்டுவிக்க வந்த ஊரு தம்பி இது. சைகோன் சைகோன்னு சாகுற வரைக்கும் சொன்னாக. இம்புட்டு வெளிச்சமான ஊருன்னு சொல்லலை" என்றார். பஸ் வந்ததும் போய்விட்டார்.

பிறகொரு முறை மழைக்காலத்தில் சைகோன் போனேன். மூன்று மணிக்கு வானம் ஒரே அடியாக இடிந்து விழும். அடுத்த நிமிடம் பைக் ஓட்டுபவர்கள் எல்லோரும் ஓரங்கட்டி மழை அங்கியைப் போர்த்திக்கொள்வார்கள். அங்கியின் முன்பக்கம் ஹெட்லைட் வெளிச்சம் போக ஒரு சதுரம் கண்ணாடித்தாள் தைத்திருக்கும். பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து இரண்டு தலை வைத்த அங்கியும் உண்டு. பச்சை, மஞ்சள், ஊதா என்று சாலை ஒரு நிமிடத்தில் நிறம் மாறும். முழங்கால் தண்ணீரில் ஸ்டூல்கள் மிதக்க, சூப்காரம்மா அடுப்பை மட்டும் ஒரு படி மேலே தூக்கி வைத்துவிட்டு வியாபாரத்தைத் தொடர்ந்தார்.

அந்த ஸ்டூல்களுக்குத்தான் ஆபத்து. 2017-இல் சைகோனின் முதலாம் மாவட்டத் துணைத் தலைவர் ஒருவர் பகுதியைக் குட்டி சிங்கப்பூர் ஆக்குவதாகச் சொல்லி, கிரேனும் சம்மட்டியுமாக நடைபாதைகளைக் காலிசெய்யக் கிளம்பினார். பெரிய ஓட்டல்களின் படிக்கட்டையும் உடைத்தார், அரசுக் காரையும் இழுத்துப் போனார். அந்த நேர்மைக்குக் கைதட்டியவர்கள் நிறைய. இடிபட்டவர்களில் கூடைக்காரம்மாக்களும் இருந்தார்கள். அவரும் பிறகு பதவியில் இல்லை, ஸ்டூல்கள் மெல்லத் திரும்பின. 2025 ஜூலையில் நாடு முழுக்க மாவட்டங்களையே கலைத்துவிட்டார்கள். முதலாம் மாவட்டம் என்று இப்போது ஒன்று இல்லை. ஆனால் அதன் நடுப்பகுதிக்கு அரசே சைகோன் வார்டு என்று பெயர் வைத்திருக்கிறது. ஹனோயில் ரயில் உரசிப்போகும் சந்துக் கடைகளை 2019-இல் மூடச் சொன்னார்கள். ஏரிக்கரையில் சுறாத்தாடை என்று எல்லோரும் கிண்டலாகச் சொன்ன கட்டடம், மாடியிலிருந்து நாற்சந்தியைப் பார்க்க நான் ஏறிப்போன இடம், 2025-இல் தரைமட்டமானது. அது அவலட்சணமான கட்டடம்தான், அதற்காக நான் வருந்தவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு உத்தரவு: 2026 ஜூலை முதல் ஹனோயின் முதல் வட்டச்சாலைக்குள் பெட்ரோல் பைக் கூடாது.

அந்தச் செய்தியைப் படித்தபோது நானே எதிர்பாராதபடி திக்கென்று இருந்தது. நியாயமாகப் பார்த்தால் மகிழ வேண்டும். குளிர்காலத்து ஹனோயின் காற்று உலகின் மிக மோசமான காற்றுகளில் ஒன்று, அந்தப் புகையைக் குடித்துக்கொண்டு அங்கேயே வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சைகோனில் 2012-இல் தொடங்கி இழுத்தடித்த மெட்ரோ 2024 டிசம்பரில் ஒருவழியாக ஓடத் தொடங்கியபோது மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து ஏறினார்கள். அவர்களுக்கு வேண்டியது நல்ல காற்றும் நேரத்துக்கு வரும் ரயிலும். எனக்கு வேண்டியது நான் விட்டுவந்தபோது இருந்த இரைச்சல். என் ஏக்கத்துக்காக ஒரு நகரம் இருமிக்கொண்டே இருக்க வேண்டுமென்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பைக் போகட்டும். மின்சார வண்டியில் வந்து இறங்கினாலும் உட்கார ஸ்டூல் வேண்டும். கூடைக்காரம்மாவை விரட்டினால்தான் அது வேறு நகரமாகிவிடும்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் மறுபடி டிக்கெட் என்றால் எது என்று நண்பர்கள் கேட்பார்கள். ஹனோய். சைகோன் பழகுவதற்கு எளிது, முதல் நாளே தோளில் கை போடும். ஹனோய் முகம் கொடுக்கச் சில நாள் ஆகும். டீக்காரம்மா நான் கேட்காமலேயே சர்க்கரை இல்லாத டம்ளரை நீட்டியது பல நாள் கழித்துத்தான். அந்த நகரத்தில் என்னை அறிந்த ஒரே ஆள் அவர்தான். அவருக்கு என் பெயர் தெரியாது, எனக்கும் அவர் பெயர் தெரியாது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை சொல்கிறேன். விசாவை இணையத்திலேயே வாங்கிவிடலாம். இருபதாயிரம் டாங் நோட்டும் ஐந்து லட்சம் டாங் நோட்டும் இரண்டும் நீலம், இருட்டில் கவனம். இரண்டு நகரத்துக்கும் நடுவே விமானம் ஏறாதீர்கள், ஹாய் வான் பகலில் வரும்படி ரயிலைப் பார்த்து எடுங்கள். ஹனோயில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு, அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு டீக்கூடைப் பக்கத்தில் ஸ்டூல் பிடியுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கேட்டால் இரண்டு ஸ்டூலை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுத் தருவார்கள்.